ஒரே பெயரில் இரண்டு பேர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் நடந்தது இது. என் கணவரைத் தவிர வேறு யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. பாதி மட்டும் சொன்னால் ஒரு விபத்தைப் பற்றிய கதையாகத் தெரியும், அவ்வளவுதான். என் பங்கு என்ன என்பது அந்த மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

பெயின்ட்டுக்கு வேண்டிய பிசின் தயாரிக்கிற தொழிற்சாலை எங்களுடையது. நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். அத்திப்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய் வருவேன். உட்கார இடம் கிடைத்தால் போகிற நேரம் முழுவதும் போனில் ஏதாவது கற்றுக்கொள்வதுதான் என் பொழுதுபோக்கு. பத்து பி.டி.எஃப். கோப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி, நூறு போட்டோக்களின் பெயரை ஒரே தடவையில் மாற்றுவது எப்படி, ஸ்கேன் செய்த தாளிலிருந்து எழுத்துகளை மட்டும் எடுப்பது எப்படி, இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள். கற்றுக்கொண்டதை அன்றைக்கே எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போட்டுவிடுவேன். யாருக்காவது கம்ப்யூட்டரில் வேலை சிக்கிக்கொண்டால், "அந்த மேடத்தைக் கேளு, ஒரு நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துடுவாங்க" என்பார்கள். அப்படிச் சொல்லக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது என்று இப்போது தெரிகிறது.

எங்கள் கேட்டுக்கு அருகில் டைம் ஆபீஸ் என்று ஒரு சின்ன அறை உண்டு. யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்று பார்க்கிற இடம். அங்கே ஒரு அக்கா இருந்தார். எளாவூர் பக்கம். பெற்றோர் இரண்டு பேரும் வயல் கூலிக்குப் போனவர்கள். அக்கா பேக்கிங் பிரிவில் மூட்டை தைக்கிற வேலையில் சேர்ந்து, பதினைந்து வருடம் நின்றே வேலை பார்த்து, முழங்கால் தேய்ந்துபோன பிறகு டைம் ஆபீஸுக்கு மாற்றப்பட்டவர். கம்ப்யூட்டரை அதற்கு முன் தொட்டதே இல்லை. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியே ஆறு மாதத்தில் எக்செல் வரைக்கும் வந்திருந்தார்.

காலையில் அவருக்கு ஒரு பெரிய வேலை இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டியல். ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர்கள் மூன்று பேர், அன்றைக்கு வந்த ஆட்களின் விவரத்தைத் தனித்தனியாக அனுப்புவார்கள். ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இருப்பார், சில சமயம் மூன்றிலும் இருப்பார். அதையெல்லாம் ஒன்றாக ஒட்டி, திரும்பத் திரும்ப வருகிற வரிகளை நீக்கி, பத்து மணிக்குள் இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒன்று கேட்டில் இருக்கும், இன்னொன்று பாதுகாப்பு அதிகாரியிடம் போகும். ஏதாவது ஆபத்து என்றால் எல்லோரும் கேட் அருகே திடலில் கூட வேண்டும். அப்போது யார் வந்தார்கள், யார் உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று பார்க்க அந்தத் தாள்தான் ஒரே வழி.

அக்கா அந்த வேலையை எப்படிச் செய்தார் தெரியுமா? திரையின் மேல் ஒரு மர அளவுகோலை வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே போவார். இருநூறு வரிக்கு மேல். கண்ணில் நீர் வழியும். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் தாமதமானாலும் பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து போன் வந்துவிடும். ஒரு நாள் காலை, ஏதோ ஒரு கையெழுத்துக்காக நான் அங்கே போனபோது, அவர் அளவுகோலோடு திரையை முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

"இன்னாக்கா பண்றீங்க?" என்று அவர் பேச்சிலேயே சிரித்துக்கொண்டு கேட்டேன்.

"ஒரே பேஜாரு மேடம். இந்த ரிப்பீட்டு பேருங்கள எடுக்கறதுக்குள்ள தலை சுத்துது. காலைல நாஷ்டா கூட துன்ல இன்னும்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எக்செலில் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒன்றுபோல் இருக்கிற வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அதுவே நீக்கிவிடும். எந்தெந்தக் கட்டத்தை ஒப்பிட வேண்டும் என்று நாம் டிக் செய்ய வேண்டும். முதலில் எல்லாவற்றையும் டிக் செய்து பார்த்தேன். இரண்டே வரிகள்தான் நீங்கின. காரணம், சூப்பர்வைசர்கள் பெயரை எப்போதும் போனிலிருந்து காப்பி செய்து ஒட்டுவார்கள், ஆனால் கேட் பாஸ் எண்ணை மட்டும் ஆளுக்கொரு மாதிரி அடிப்பார்கள். ஒருவர் கோடு போடுவார், ஒருவர் இடம் விடுவார், ஒருவர் எண்ணை மட்டும் எழுதுவார். கம்ப்யூட்டருக்கு அவை மூன்றும் வேறு வேறு.

பாஸ் எண்ணை ஒழுங்குபடுத்த வழி இருந்தது. அதற்கு ஒரு அரை மணி நேரம் உட்கார வேண்டும். எனக்கு மாடியில் ஒரு கூட்டம் இருந்தது. எண்ணின் டிக்கை எடுத்துவிட்டு, பெயரை மட்டும் வைத்து அழுத்தினேன். ஒரு நொடியில் அறுபதுக்கு மேற்பட்ட வரிகள் காணாமல் போயின. பட்டியல் பளிச்சென்று நின்றது.

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். "இன்னா மேடம் இது, ஒரு மணி நேரமா நான் கண்ண புடுங்கிக்கினு கெடக்கறேன், நீங்க ஒரே தட்டுல முடிச்சிட்டீங்க!"

அவரையே மூன்று முறை செய்யச் சொன்னேன். மூன்றாவது முறை சரியாகச் செய்தவர், கையை மவுஸிலிருந்து எடுக்காமலேயே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மேடம், ஒரே பேருல நெஜமாவே ரெண்டு ஆளு வந்தா இது இன்னா பண்ணும்?"

நான் எழுந்துவிட்டிருந்தேன். "இப்ப அந்த மாதிரி யாரும் இல்லியேக்கா. வந்தா பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். அன்று மதியமே குழுவிலும் படம் எடுத்துப் போட்டேன். 'பெயர் கட்டத்தை மட்டும் டிக் செய்தால் போதும்' என்று எழுதி, கீழே ஒரு சிரிப்பு முகமும் வைத்தேன். பதினேழு பேர் கட்டைவிரல் போட்டார்கள். அடுத்த நாள் அக்கா ஒரு பை நிறைய வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தார். மறந்தும்போனேன்.

நான்கு மாதம் கழித்து, அந்த ஐப்பசி வாரத்தில், ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். சைரன் அடித்தது. மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகைக்காக அடிப்பார்கள். அதனால் நான் கையிலிருந்த கடிதத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வராந்தாவுக்கு வந்ததும் மூக்கில் ஏறிய வாடை இது ஒத்திகை இல்லை என்று சொல்லிவிட்டது. பின்பக்கம் டேங்கிலிருந்து போகும் குழாயில் இணைப்பு விட்டு, சால்வென்ட் என்று நாங்கள் சொல்லும் கரைப்பான் திரவம் பீய்ச்சியிருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு பரவும், பள்ளமான இடத்தில் தேங்கும். ஒரு பொறி பட்டால் போதும்.

திடலில் எல்லோரும் தூறலில் நின்றோம். ஆபீஸ் ஊழியர்களை ஒருவர் எண்ணினார். ஒப்பந்தத் தொழிலாளர்களை வரிசையாக உட்காரவைத்து, அக்கா பிளாஸ்டிக் உறை போட்ட தாளைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். பாதிப் பேருக்கு மேல் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அக்கா அந்தப் பெயர்களைத் தன் பாணியில் வாசித்தாலும் அவர்களுக்குப் புரியும். வாசித்து முடித்தார். பிறகு இன்னொருவர் தலைகளை எண்ணினார். தாளில் நூற்று நாற்பத்தெட்டு. தலையும் நூற்று நாற்பத்தெட்டு.

"எல்லாரும் வந்தாச்சு சார், கணக்கு சரியா கீது" என்றார் அக்கா. பாதுகாப்பு அதிகாரி அதையே வாக்கிடாக்கியில் சொன்னார். உள்ளே யாரும் இல்லை என்பதால் யாரையும் அனுப்ப வேண்டாம், வெளியிலிருந்தே வால்வை அடைத்து நுரை அடிக்கலாம் என்று முடிவானது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. என் பக்கத்தில் நின்றவர் வீட்டுக்குப் போன் செய்யத் தொடங்கினார்.

அப்போதுதான் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஒடிசாக்காரர், நாற்பது வயதிருக்கும், இரண்டு வருடமாக எங்களிடம் வேலை செய்பவர். அதுவரைக்கும் அவர் கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருந்ததை நான் கவனித்திருந்தேன். ஆனால் ஏன் என்று நினைக்கவில்லை. அவர் நேராக அதிகாரியிடம் போய் ஏதோ சொன்னார். அதிகாரிக்குப் புரியவில்லை. தாளை வாங்கி அவர் பெயரைத் தேடி, "இதோ இருக்கே உன் பேரு. நீ வந்துட்ட. போய் உக்காரு" என்றார். அவர் போகவில்லை. கையை ஆட்டி ஆட்டி, இரண்டு விரலைக் காட்டினார்.

"சார், நம்ம பேரு ஒரு தபா சொன்னாங்க. ஒரு தபா மட்டும். காலைல ரெண்டு தபா சொல்வாங்க."

அதிகாரி பொறுமை இழந்தார். "இப்ப எத்தினி தடவை சொன்னா என்னய்யா? உக்காரு!"

நானும் அங்கேதான் பத்தடி தூரத்தில் நின்றேன். நானும் அந்த வார்த்தைகளைக் கேட்டேன். எனக்கும் புரியவில்லை. புரிந்தது அக்காவுக்கு. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். தாளைப் பிடுங்கி அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார். பிறகு அந்த மனிதரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"யோவ், உன் பேருல இன்னொருத்தன் கீறானா?"

அவர் தலையை ஆட்டினார். "என் ஊரு. புது ஆள். பத்து நாள்."

அக்கா போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. "சார்! ரெண்டு பேரு சார்! ஒரே பேருல ரெண்டு பேரு! ஒருத்தன் உள்ள மாட்டிக்கினான்!"

அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம். அவர்கள் பக்கத்தில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும் பெயர்தான். பெரியவர் ஊருக்குப் போனபோது தன்னோடு அழைத்துவந்தவர் அந்தப் புதியவர். இருபத்தாறு வயது, மனைவியும் ஒரு பெண் குழந்தையும் ஊரில். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே அவர்களுடைய சூப்பர்வைசர் தன் நோட்டைப் பார்த்துக் கூப்பிடும்போது அந்தப் பெயரை இரண்டு முறை சொல்வார். முதல் முறைக்குப் பெரியவர் கை தூக்குவார், இரண்டாம் முறைக்குச் சின்னவர். எங்கள் பட்டியலில் மட்டும் பத்து நாளாக ஒவ்வொரு காலையும் அந்த இரண்டாவது வரி நீங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு வரிகளில் ஒன்றை எக்செல் எடுத்துவிட்டது. இரண்டு ஆட்களில் ஒருவர் உள்ளே நின்றுவிட்டார். அதனால்தான் கணக்கு அவ்வளவு சரியாக வந்தது. எனக்கு இது திடலில் நின்றபடியே புரிந்துவிட்டது.

அந்தச் சூப்பர்வைசர் அன்று மதியம் வேறொரு தொழிற்சாலைக்குப் போயிருந்தார். போனில் பிடித்துக் கேட்டதற்கு, சின்னவரைப் பின்பக்கம் டிரம் கழுவும் கொட்டகைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். அந்தக் கொட்டகையில் தண்ணீரைப் பீய்ச்சும் பம்ப் ஓடினால் சைரன் காதில் விழாது. கழுவிய தண்ணீர் தேங்குவதற்கு அங்கே ஒரு பள்ளமும் உண்டு.

பாதுகாப்பு அதிகாரி வேறு யாரையும் அனுப்பவில்லை. தானே மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டார். எங்கள் ஃபிட்டர் ஒருவர் இன்னொன்றை மாட்டிக்கொண்டார். இருவரும் கட்டடத்தின் மூலையைத் திரும்பி மறைந்தார்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்குத் தெரியாது. பிறகு விசாரணையில் ஒன்பது நிமிடம் என்று எழுதப்பட்டது. அக்கா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தூக்கிக்கொண்டு வந்தார்கள். பள்ளத்தின் ஓரத்தில் குப்புற விழுந்து கிடந்தாராம். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து முகமூடியை வைத்தார்கள். பெரியவர் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கன்னத்தைத் தட்டித் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது அவருடைய பெயரும்தான். தன் பெயரையே சத்தமாகச் சொல்லி ஒரு மனிதர் அழுததை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். ஆம்புலன்சில் ஏற்றும்போது மார்பு ஏறி இறங்கியது. அது மட்டும் தெரிந்தது.

அடுத்த நாள் காலை ரயிலில் நான் செய்ததைச் சொல்கிறேன். இதைத்தான் என் கணவரைத் தவிர நான் யாரிடமும் சொன்னதில்லை. பொன்னேரி தாண்டியதும் போனை எடுத்து, நான்கு மாதத்துக்கு முந்தைய என் பதிவைத் தேடினேன். 'பெயர் கட்டத்தை மட்டும் டிக் செய்தால் போதும்.' கீழே அந்தச் சிரிப்பு முகம். விரலை வைத்து அழுத்தி, நீக்கப் பார்த்தேன். எல்லோருக்கும் நீக்குகிற நேரம் எப்போதோ கடந்துவிட்டது. 'எனக்கு மட்டும் நீக்கு' என்று மட்டும்தான் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். மற்ற எல்லோருடைய போனிலும் அது இருக்கும் என்று தெரிந்தும் அழுத்தினேன். என் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

சனிக்கிழமை விசாரணை. சின்னவர் அப்போது சென்னையில் ஆக்சிஜனில் இருந்தார், இன்னும் பேசவில்லை. அறையில் தொழிற்சாலை மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, என் பிரிவுத் தலைவர், அக்கா. நானும் இருந்தேன், சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு. உட்காரச் சொன்னதும் அக்கா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"பட்டியல்ல அந்த ஆள் பேரு எப்படிம்மா விட்டுப்போச்சு?" என்று மேலாளர் கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ரிப்பீட்டு பேருங்கள கம்ப்யூட்டர்லயே எடுத்தேன் சார். அதுல போயிடுச்சு."

"முன்னாடி கையாலதானே செஞ்சீங்க? இது யாரு சொல்லிக் குடுத்தது?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பார்வைகூட இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாரும் சொல்லித் தர்ல சார். நானா பாத்துப் பாத்துக் கத்துக்கினேன்."

நான் தட்டச்சு செய்தேன். 'யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானே கற்றுக்கொண்டேன்' என்று எழுதி முடித்தேன். முற்றுப்புள்ளியும் வைத்தேன். என் விரல்கள்தான் அதைச் செய்தன. மேலாளர் அடுத்த கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தார். அந்தக் கேள்விக்குப் போயிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அக்கா வேலையை இழந்திருப்பார். திரையில் நின்ற அந்த வரியைப் பார்த்தேன். படிக்க முடியவில்லை.

"சார், அது தப்பு. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றேன். என் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சொன்னேன். "நான்தான் சார். பாஸ் நம்பரைப் பார்க்க வேண்டாம், பேரை மட்டும் பாருங்கன்னு சொன்னது நான். அவங்க அப்பவே கேட்டாங்க, ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்தா என்ன ஆகும்னு. நான் பதில் சொல்லல."

என் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அதைத் திருத்தி எழுதுங்க" என்றார். நான் முந்தைய வரியை அழித்துவிட்டு, நானே சொன்னதை நானே தட்டச்சு செய்தேன்.

எனக்கும் அக்காவுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பட்டியலைச் சரிபார்க்காமல் விட்டதற்காக மேலே இருந்தவர்களுக்கும் வந்தது. யாருக்கும் வேலை போகவில்லை. அன்று அறையை விட்டு வெளியே வந்ததும், தண்ணீர் கேன் வைத்திருந்த இடத்தில் அக்கா எனக்காக நின்றிருந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் முகத்தில் அது இல்லை.

"இன்னாத்துக்கு மேடம் சொன்னீங்க? எனக்கு இன்னா, போனா திரும்பவும் மூட்ட தச்சிக்கினு இருந்திருப்பேன். உங்களுக்குதான் கெட்ட பேரு."

"நான் செஞ்சதுதானேக்கா."

அவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"நான் கேட்டேன் இல்ல, மேடம்? அன்னிக்கே கேட்டேன் இல்ல?"

அவ்வளவுதான். திட்டவில்லை. அழவும் இல்லை. நடந்து போய்விட்டார். எச்சரிக்கைக் கடிதம் எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியாது. இந்த இரண்டு கேள்விகள் மட்டும் எங்கேயும் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை, நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்னவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். பெரியவர் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள். பெரியவர் அதை அவர்கள் பாஷையில் திருப்பிச் சொன்னார். சொல்லச் சொல்ல, லிஸ்ட், கம்ப்யூட்டர் என்ற வார்த்தைகள் மட்டும் எனக்குப் புரிந்தன. சின்னவர் நடுநடுவே இருமிக்கொண்டே கேட்டார். பிறகு ஏதோ ஒன்று கேட்டார்.

பெரியவர் எங்களைப் பார்த்துச் சொன்னார். "கேக்கறான், இப்ப லிஸ்டுல ரெண்டு இருக்கா?"

அக்கா உடனே பையிலிருந்து போனை எடுத்தார். அந்த வாரப் பட்டியலைப் படம் பிடித்து வைத்திருந்தார். ஒன்றின் கீழ் ஒன்றாக அதே பெயர், இரண்டு முறை. பக்கத்தில் பாஸ் எண், அப்பா பெயர், போட்டோ. "இதோ பாரு நைனா. இது அவரு, இது நீ. நீ லீவுன்னு போட்டுக்கீது" என்று காட்டினார். அவர் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, தன் வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

ஊருக்குப் போன சின்னவர் திரும்பி வேலைக்கு வரவில்லை. பெரியவர் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறார். சின்னவரைப் பற்றி அவரிடம் எப்போதாவது விசாரிப்பேன். சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறாராம். வயல் வேலைக்குப் போனால் பாதி நாளிலேயே மூச்சு வாங்குகிறதாம். பெண் குழந்தை பள்ளிக்கூடம் போகிறதாம்.

அதன் பிறகு நான் குழுவில் எதையும் போடவில்லை. ரயிலிலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். யாராவது ஏதாவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுவேன். இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் காலை அக்கா என் மேசைக்கே வந்தார். அதுவரை மேலே வந்ததே இல்லை.

"இன்னா மேடம், எதுவும் போட மாட்றீங்க இப்பல்லாம்? எனக்கு ஒண்ணு வேணும். அந்த ரிப்பீட்டு பேருங்கள அது அழிக்க வேணாம். எது எது ஒரே மாரி கீதுன்னு காட்டினா மட்டும் போதும். அழிக்கறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன். அப்படி எதுனா கீதா?"

இருந்தது. ஒன்றுபோல் இருக்கிற பெயர்களுக்கு மட்டும் நிறம் போட்டுக் காட்டும் வசதி, அதே எக்செலில், இரண்டு பட்டன் தள்ளி. நான் அன்றைக்கே அதைக் காட்டியிருக்கலாம். எழுந்து அவரோடு கீழே போனேன். நாங்கள் முதலில் பாஸ் எண்களை ஒரே மாதிரி அடிக்க வைக்கிற வேலையைச் செய்தோம். அரை மணி நேரம் என்று நினைத்தது ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு வேண்டுமென்றே ஒரே பெயரில் இரண்டு பேரைப் பொய்யாகச் சேர்த்து, பட்டியல் என்ன செய்கிறது என்று பார்த்தோம். பிறகு மூன்று பேரைச் சேர்த்தோம். ஒரு பெயரை எழுத்துப்பிழையோடு போட்டோம். அது நிறம் காட்டாமல் விட்டுவிட்டது. "பாத்தீங்களா, இத விட்டுச்சு" என்று அக்கா உடனே பிடித்தார். அதையும் ஒரு தாளில் எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டினார். இப்போது மற்ற தொழிற்சாலைகளின் டைம் ஆபீஸ் பெண்கள் சிலருக்கும் அவர் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். முதலில் பட்டியலை ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்கிறாராம், அதற்கப்புறம்தான் மவுஸையே தொட விடுகிறாராம்.

நானும் மறுபடி குழுவில் எழுதுகிறேன். முன்போல் தினமும் இல்லை. ஒன்றைப் போடுவதற்கு முன்னால், அது எங்கே தவறும் என்று தேடிப் பார்க்க ஒரு வாரமாவது ஆகிறது. சிரிப்பு முகம் வைப்பதில்லை. யாராவது ஒரு கேள்வி கேட்டால், எழுந்து நின்றுகொண்டு பதில் சொல்வதில்லை, உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் இதெல்லாம் அந்தச் சின்னவருடைய மூச்சைத் திருப்பிக் கொடுக்காது என்று எனக்குத் தெரியும். "தெரியலக்கா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்ல அன்றைக்கு எனக்கு அரை நிமிடம் இல்லாமல் போயிற்றே என்று நினைக்காமல் இந்த நான்கு வருடத்தில் ஒரு நாளும் நான் கம்ப்யூட்டரைத் திறந்ததில்லை.